பச்சையாய்ப் போன கால் நிமிடம்

முல்லா வீதியில் ஜரினாவின் மாடியறைக்குள் நுழைய அவள் கணவரே அனுமதி கேட்டு நிற்பதை முதல் நாள் பார்த்தபோது சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸைத் டீ டம்ளர்களோடு வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். ஜரினா கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டு, "ம், வாங்க" என்றாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வெக்கிறேன். எங்க வூட்டு ரூம்ல மட்டும் நான் குருடன்," என்றார் ஸைத். அவருக்குக் காந்தி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை.

"டீய வெச்சுட்டுப் போங்க. சர்க்கர போட்டீங்களா, இல்ல அந்த டப்பாவும் கண்ணுக்குத் தெரியலியா?"

அவர் போன பிறகுதான் திரை மறுபடி எரிந்தது. ஜரினாவின் தொழிலே அந்த அணைத்த திரையை நம்பித்தான் நடந்தது. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்து வீடியோவை அவள் எடிட் செய்தாள். பெண்கள் அங்கே முக்காடு நழுவுவதைப் பற்றிக் கவலைப்படாமல், நகையும் பூவுமாய், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அயலான் ஒருவன் அதைப் பார்க்கக் கூடாது. எனவே எடுப்பவளும் பெண், வெட்டி ஒட்டுபவளும் பெண். எடுப்பவள் சிந்துஜா. பிள்ளைச்சாவடியிலிருந்து ஸ்கூட்டியில் கேமராப் பையோடு வருவாள்.

ஜரினா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வீட்டோடு இருந்தவள். அவளுடைய கல்யாண வீடியோவை ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரன் அதன் நல்ல பகுதிகளை விளம்பரத்துக்காகக் கடை வாசல் டிவியில் ஓடவிட்டான். மருதாணிக் கையோடு, தலையில் துணியில்லாமல் அவள் சிரித்த சிரிப்பை பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவளுடைய கொழுந்தன்தான் வந்து சொன்னான். ஒரு வாரம் அவள் வாசல் பக்கமே போகவில்லை. பிறகு அப்பாவிடம் அடம்பிடித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். அதற்கு 'முசே' என்று பெயர் வைத்தாள். பாண்டிச்சேரியின் பழைய பிரெஞ்சுக்காரத் துரைகளைப் போல அதுவும் நினைத்தால்தான் வேலை செய்யும் என்பாள்.

அவளிடம் ஒரு முறை இருந்தது. படம் முடிந்ததும் பெண்ணின் அம்மா நேரில் வர வேண்டும். பென் டிரைவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே ஜரினா எல்லாவற்றையும் அழிப்பாள். சிந்துஜாவும் கேமராக் கார்டுகளைக் கொண்டுவந்து அதே இடத்தில் அழிக்க வேண்டும். எடிட் முடிந்து ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் ஆன படத்தின் தலையையும் வாலையும் மட்டும் ஜரினா சரிபார்ப்பாள், முழுவதையும் திரும்ப ஓட்டிப் பார்க்கமாட்டாள்.

"ஏங்க்கா, ஒருவாட்டி ஃபுல்லா பாத்துடலாமே?" என்று சிந்துஜா கேட்டிருக்கிறாள்.

"வேலைக்காகப் பாத்தாச்சு. அதுக்கு மேல பாத்தா வேடிக்க. இது அமானிதம்டி. ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருள். கை மாறுற நேரத்துல தொறந்து பாக்கக் கூடாது."

அந்த முறையால்தான் ஜுபைதா வீட்டுக் கல்யாணத்தில் வினை வந்தது.

ஜுபைதாவின் மகள் அனத்துக்கும் அய்மானுக்கும் மறைமலை அடிகள் சாலையில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். அன்று பெண்கள் பக்கத்துக் கதவில் ஜுபைதாவே நின்று வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கி ஒரு கூடையில் போட்டாள். ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவது வழக்கம். அய்மானுக்கு அம்மா இல்லை. இருந்தது அக்கா நூரீன் மட்டும். அவள் கணவன் விபத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நூரீன் கருகமணியோடு வந்தபோது சிந்துஜா ஜுபைதாவை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அவளா கட்டுறா? வேற ஆளு கெடைக்கலியா?" என்று ஜுபைதா முணுமுணுத்தது கேமராவின் மைக்கில் தெளிவாகவே விழுந்தது. கணவனை இழந்தவள் கட்டக் கூடாது என்று மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை. ஆனாலும் முணுமுணுப்பு இருந்தது. நூரீனின் கை நடுங்கியது. கொக்கி இரண்டு முறை நழுவி மூன்றாம் முறைதான் மாட்டியது.

எடிட்டிங்கில் அந்த இடம் வந்ததும் ஜரினா நிறுத்தினாள். முணுமுணுப்பை இரண்டு முறை கேட்டாள். அந்தச் சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு மேலே நபியைப் போற்றும் ஒரு ஸலவாத்தை ஓடவிட்டாள். பிறகு அந்தக் கால் நிமிடத்தின் மேல் இருந்த வித்தையெல்லாம் காட்டினாள். கை நடுக்கம் தெரியாதபடி வேகத்தைக் குறைத்தாள், மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் படிந்த புள்ளிகளைத் துடைத்தாள், முகத்துக்கு ஒளி ஏற்றினாள், மல்லிகை இதழ்களை உதிரவிட்டாள். திரையில் அது அழகாகத்தான் ஓடியது. படத்தை எக்ஸ்போர்ட் போட்டதும், முடிந்தது என்று முசே சொன்னது.

ஜுபைதா வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு, அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். "குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்குமே, அதையும் காலி பண்ணு," என்றாள். ஜரினா அதையும் செய்தாள்.

மறு வெள்ளிக்கிழமை முத்தியால்பேட்டையில் அய்மான் வீட்டில் இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். நூரீன் கருகமணியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். திரை பச்சையானது. பின்னால் ஸலவாத் மட்டும் கேட்டது. மறுபடி படம் வந்தபோது அனத்தின் கழுத்தில் கருகமணி இருந்தது. நூரீனைக் காணோம்.

"பச்ச நல்ல நெறந்தானே," என்றாள் யாரோ ஒருத்தி. இன்னொருத்தி சிரித்தாள். நூரீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளே சந்தேகம் மூன்று பக்கமும் கிளம்பிவிட்டது. ஜுபைதா சொல்லித்தான் வெட்டினார்கள் என்றது மாப்பிள்ளை வீடு. தான் சொல்லவே இல்லை என்பது ஜுபைதாவுக்குத் தெரியும், அதனால் அவள் பயம் வேறு மாதிரி ஓடியது. வெட்டிய துண்டு எங்கே போயிற்று? மகள் முழு அலங்காரத்தோடு இருந்த துண்டு அது. அவள் போனில் கத்தியது பக்கத்தில் இருந்த சிந்துஜாவுக்கே கேட்டது.

"யாருக்குக் குடுத்த ஜரினா? எந்தக் கடை டிவியில ஓடுது எம்பொண்ணு?"

ஜரினா போனை வைத்துவிட்டுச் சிந்துஜாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சிந்துஜாவுக்குப் பிடிக்கவில்லை.

"கார்டு நல்லாத்தான இருந்துச்சு?"

"உங்க எதிர்லதானக்கா காப்பி பண்ணோம். நீங்கதான் அத வெச்சு எடிட் பண்ணீங்க."

"வேற காப்பி எதுவும்..."

"என்னக்கா கேக்குறீங்க?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். சிந்துஜா அன்று டீ குடிக்காமலே கிளம்பினாள். கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும்போது அவளுக்கும் ஒன்று உறுத்தியது. சத்தத்தை வெட்டியது யார்? ஜரினாக்காதானே. இரண்டு வீட்டுக்கும் சண்டை வரக் கூடாது என்று சத்தத்தை வெட்டியவள், அதே எண்ணத்தில் படத்தையும் வெட்டியிருக்கமாட்டாளா? அப்புறம் இப்படி ஒரு பேச்சு வந்ததும் பயந்துபோய் என் கார்டைக் கேட்கிறாளா?

ஜரினாவோ வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். அவள் வெளியூர் போயிருந்த ஒருநாள் முசேயின் ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஸைத் ஒரு மெக்கானிக்கை மாடிக்குக் கூட்டிவந்திருந்தார். அந்த ஆள் எவ்வளவு நேரம் இருந்தான், அவர் கூடவே நின்றாரா, நடுவில் போன் பேச வெளியே போனாரா என்று அவள் சாப்பாட்டு வேளையிலெல்லாம் கேட்டாள். ஸைத் கடைசியில் சோற்றில் கையை வைத்தபடி, "போலீஸ் ஸ்டேஷன்லகூட தண்ணி குடுத்துட்டுத்தான் கேப்பாங்க," என்றார். அவள் சிரிக்கவில்லை.

நூரீன் ஒரு நாள் நேரில் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள்.

"நான் ஒண்ணுதாங்க்கா கேக்குறேன். என்னை வெட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல நூரீன். நான் வெட்டல."

"எதையுமே வெட்டலியா?"

ஜரினா பதில் சொல்லவில்லை. நூரீன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த கல்யாணத்துக் கார்டுகளோடு வந்திருந்த சிந்துஜாவும் அந்த மௌனத்தைப் பார்த்தாள். அவள் சந்தேகம் இன்னும் இறுகியது. பெருநாள் விடுமுறை முடிந்து அய்மான் அனத்தைக் கூட்டிக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டான். மாப்பிள்ளை வீட்டில் நூரீனுக்காகக் கேட்க இனி யாருமில்லை.

உண்மை வேறொரு கல்யாணப் படத்தில் வெளியே வந்தது. அடுத்த படத்தை எக்ஸ்போர்ட் செய்ததும், முதன்முறையாகத் தன் முறையை மீறி, ஜரினா அதைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள். சிந்துஜாவையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். சாட்சிக்குத்தான் உட்காரவைக்கிறாள் என்று சிந்துஜா நினைத்துக்கொண்டாள். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து, பெண்ணை அவள் அம்மா கட்டிப்பிடித்து அழும் இடத்தில் பச்சையானது.

"இங்க என்ன பண்ணீங்க?"

"ஸ்லோ பண்ணேன். புள்ளி எடுத்தேன். வெளிச்சம் போட்டேன்." ஜரினா சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். "பூவும் போட்டேன்."

பூவை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாள். பச்சை போய்விட்டது. பூவைப் போட்டாள், பச்சை வந்தது. அத்தனை வித்தையையும் பெரிய அளவுப் படத்தில் ஒரே நேரத்தில் தாங்க முசேயின் கிராபிக்ஸ் கார்டில் இடம் போதவில்லை. போதவில்லை என்று அது சொல்லவும் இல்லை. தாங்கமுடியாத இடத்தைப் பச்சையால் நிரப்பிவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டது.

"சீர் சாமானெல்லாம் ஏத்துடான்னா, ஏத்திட்டேன்னு சொல்லிட்டு நல்ல அண்டாவ ரோட்டுலயே வெச்சுட்டுப் போற ஆட்டோக்காரன்டி இவன்," என்றாள் ஜரினா. "சாதா எடத்த எல்லாம் ஒழுங்கா குடுத்திருக்கான். எங்க மனசு வெச்சு வேல பாத்தேனோ, அங்கதான் கைய விட்டிருக்கான்."

ஆனால் எடிட் செய்யும்போது மட்டும் திரையில் எப்படி ஒழுங்காக ஓடியது? அந்தக் கேள்வி சிந்துஜாவுக்குத்தான் வந்தது. ஜரினா முசேக்குள் தேடினாள். இருந்ததையெல்லாம் அழித்தும் டிஸ்க் ஏன் நிறைந்தே கிடக்கிறது என்று அவளுக்கும் பல நாளாகவே ஒரு நெருடல். உள்ளே, எங்கோ ஆழத்தில், சாஃப்ட்வேர் தானாகவே போட்டுக்கொண்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. கனமான இடங்களைத் திரையில் தடுக்காமல் ஓட்டிக் காட்டுவதற்காக, சிறிய அளவில் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்ட துண்டுகள். சத்தம் இல்லாத வெறும் படம். ஒன்றைத் திறந்தாள். நூரீன் மல்லிகை இதழ்களுக்கு நடுவே அனத்தின் கழுத்தில் மெதுவாகக் கருகமணி கட்டிக்கொண்டிருந்தாள்.

சிந்துஜா கையைத் தட்டினாள். "அக்கா! கெடச்சிடுச்சு!"

ஜரினா தட்டவில்லை. அடுத்ததைத் திறந்தாள். வேறொரு கல்யாணம். அதற்கடுத்து இன்னொன்று. நான்கு வருடத்துக் கல்யாணங்களிலிருந்து, அவள் ஆசையாக வேலை செய்த இடங்கள் மட்டும் வரிசையாக அங்கே கிடந்தன. அம்மாவும் மகளும் அழுதது, தோழிகள் கோலாட்டம் ஆடியது, அவிழ்ந்த கூந்தலில் பூ வைத்தது. எல்லாம் அழித்தாயிற்று என்று ஒவ்வொரு தாயின் முகத்தைப் பார்த்தும் அவள் சொல்லியிருந்தாள். ஸைத் கூட்டிவந்த மெக்கானிக் இந்தப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

"அழிச்சுடுங்கக்கா," என்றாள் சிந்துஜா. "சத்தமில்லாம அழிச்சுடுங்க. மெஷின் மேல பழி போட்டுடலாம். அதுவும் உண்மதான?"

"பாதி உண்ம."

"மீதிய சொன்னா யாரும் வூட்டுப் படி ஏறமாட்டாங்க."

ஜரினா நூரீனுக்குப் போன் செய்தாள்.

நூரீன் இந்த முறை செருப்பைக் கழற்றினாள். துண்டைப் பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். "கை நடுங்குனதே தெரியல," என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "எல்லாம் அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே. இது மட்டும் எப்புடி இருக்கு?"

ஜரினா ஃபோல்டரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சத்தத்த மட்டும் நான் வெட்டுனேன் நூரீன். அன்னைக்கு நீ கேட்டப்ப அதனாலதான் வாய் வரல."

"அந்தப் பேச்சு எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுக்கா. நீங்க வெட்டிட்டா எனக்குக் கேக்காமப் போயிடுமா?"

கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பருக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனான். நூரீன் அந்தத் துண்டைப் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். பொண்ணு வூட்டுக்காரங்க கையில போச்சுன்னா நெஜமாவே வெட்டிடுவாங்க. யாரு கேக்கணுமோ அவங்க வந்து கேக்கட்டும், குடுக்குறேன்."

மிச்சத்தை அவள் முன்னால் அழித்தார்கள். ஜரினா ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னாள். சிலர் காபி கொடுத்துக் கேட்டார்கள், சிலர் வாசலோடு அனுப்பினார்கள். ஜுபைதாவிடம், "மாமி, கொஞ்சம் மிச்சம் உள்ள இருந்துச்சு" என்று தொடங்கியதுமே கதவு சாத்தியது. பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை. ஜரினாவின் கம்ப்யூட்டரில் ஊர்ப் பெண்களெல்லாம் இருக்கிறார்கள் என்ற பேச்சு மட்டும் முல்லா வீதியிலிருந்து கோட்டக்குப்பம் வரை போனது. கல்யாண சீசன் அவள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. சிந்துஜா வேறு ஸ்டுடியோக்களுக்குப் பிறந்தநாள் விழா எடுக்கப் போனாள்.

மெல்ல மெல்லச் சிலர் திரும்பி வந்தார்கள். ஜரினா முறையை மாற்றியிருந்தாள். பெண்ணின் அம்மா வந்து முழுப் படத்தையும் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டி, அதையும் காலி செய்வாள். பூ உதிர்வது நின்றுவிட்டது. "முசேக்கு எவ்ளோ தாங்குமோ அவ்ளோதான்," என்பாள். மெக்கானிக்கைப் பற்றி ஸைத்திடம் அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே தன்னை உறுத்துகிறது என்று அவர் ஒருநாள் சிந்துஜாவிடம் சொன்னார்.

போன வருடம் நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு தலைவலி என்று படுத்த ஜரினா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். நாற்பது வயதுகூட முடியவில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஜுபைதா வந்தாள். ஓதி, மற்றவர்களோடு அழுதாள். பிறகு சமையல்கட்டில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சிந்துஜாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டர யாருகிட்ட குடுக்கப் போறாங்க?"

சிந்துஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண் காய்வதற்குள் இந்தக் கேள்வியா! அவளை மாடிக்குக் கூட்டிப்போய் முசேயைப் போட்டாள். பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆழத்தில் கிடந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். வெறுமையாக இருந்தது.

"வேற எங்கயும் இல்லியா?"

"இல்ல மாமி."

"நல்லாப் பாரு."

"செத்தும் சந்தேகம் போகலியா உங்களுக்கு?"

ஜுபைதா ஜரினாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலியான திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தேகம் இல்லடி. இருக்காதான்னுதான் பாத்தேன். எம்பொண்ணு கழுத்துல கருகமணி ஏறுனதுக்கு ஒரு போட்டோகூட எங்கிட்ட இல்ல. போனையெல்லாம் வாசல்ல புடுங்கி வெச்சது நான்தான். அவளும் துபாய்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கா."

சிந்துஜா அந்த ஃபோல்டரை மூடினாள்.

"அது இருக்கு மாமி. நூரீனக்கா கிட்ட இருக்கு. ஜரினாக்கா அன்னைக்கு உங்ககிட்ட அதச் சொல்லத்தான் வந்தாங்க, நீங்க கதவ சாத்திட்டீங்க."

"நூரீன்கிட்டயா?"

"கேக்க வேண்டியவங்க வந்து கேட்டா குடுக்குறேன்னு சொல்லியிருக்காங்க."

வாசலில் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்டது. ஸைத் நின்றிருந்தார், பழக்கத்தில். சிந்துஜா திரையை அணைத்தாள். "ம், வாங்கண்ணே," என்றாள். அவர் உள்ளே வராமல், கீழே சாப்பாடு வைத்தாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜுபைதா எழுந்து பர்தாவைச் சரிசெய்தாள். கதவு வரை போய் நின்றாள்.

"இந்நேரத்துக்கு நூரீன் வூட்லதான் இருப்பாளா?" என்று கேட்டாள்.